அடுத்தடுத்த இரண்டு வரிகள்

வரிசைப்படுத்தாமல் விட்டிருக்கலாம். பிரின்சிபால் கேட்கவில்லை, புது சர்வர் விற்ற கம்பெனிக்காரர்கள் கேட்கவில்லை, இவனாகத்தான் பழைய சர்வரின் பட்டியல் கோப்பைத் திறந்து, இவனாகத்தான் எழுத்து வரிசையில் அடுக்கி, எங்கெங்கோ சும்மா கிடந்த இரண்டு வரிகளைக் கொண்டுவந்து பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தான். இனி அவற்றைப் பிரித்து ஆளுக்கொரு மூலையில் விட்டாலும் இவன் கண்ணுக்குச் சேர்ந்தேதான் தெரியும். சதானந்தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தான். மேல் வரியில் கோகிலவாணி, வேதியியல் துறை. கீழ் வரியில் தாமோதரன், வேதியியல் துறை. இரண்டு பேருக்கும் எதிரே அர்த்தமில்லாத எழுத்தும் எண்ணுமாக ஒரு நீளச் சரம், முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை அச்சு அசல் ஒன்று. கோகிலவாணி அவன் மனைவி. தாமோதரன் அவளோடு அதே துறையில், அதே ஸ்டாஃப் ரூமில், அவளுக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்திருப்பவர். அறைக்குள் ஏசி ஊரில் இருக்கிற குளிரையெல்லாம் இவன் பிடரியிலேயே கொண்டுவந்து ஊற்றியது. வெளியே பல்லடம் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை மத்தியான வெயில் காய்ந்துகொண்டிருந்தது, கல்லூரியில் காவலாளியைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை, இவன் மட்டும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சர்வர் அறையில் உட்கார்ந்து சளி பிடிக்கக் காத்திருந்தான். பேர் என்னவோ சதானந்தம். அந்த முகத்தில் ஆனந்தத்தைக் கண்டவர்கள் கல்லூரியில் யாரும் இல்லை, கம்ப்யூட்டர்களைக் கவனிக்கிற சிஸ்டம்ஸ் சார் வருகிறார் என்றால் லேபில் பையன்கள் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள், ஸ்டாஃப் ரூமில் லேசாகச் சிரிப்பைக் குறைத்துக்கொள்வார்கள். அதைப் பற்றி அவனுக்கு இதுவரை வருத்தம் இருந்ததில்லை.

விஷயம் சின்ன விஷயம்தான். கல்லூரியில் இருக்கிற ஆசிரியர், மாணவர் எல்லோருக்கும் ஆளுக்கொரு பேரும் பாஸ்வேர்டும் உண்டு, அதைக் கொடுத்தால்தான் வருகைப்பதிவு போடலாம், மார்க் ஏற்றலாம், லீவு கேட்கலாம். வருகிறவர் யார், உள்ளே விடலாமா என்று பார்த்துச் சொல்வதற்கென்றே ஒரு டைரக்டரி சர்வர். அதற்கு வயதாகிவிட்டது, மாதத்துக்கு ஒருமுறை மயங்கி விழுந்தது, புதியது வாங்கியாயிற்று. பழையதில் இருக்கிற எல்லோரையும் புதியதுக்குக் குடிவைக்க வேண்டும், திங்கட்கிழமை காலையில் வருகிறவர்களுக்கு வீடு மாறியதே தெரியக்கூடாது, பழைய பாஸ்வேர்டிலேயே கதவு திறக்க வேண்டும். இதில் வேடிக்கை என்னவென்றால் அந்த பாஸ்வேர்டுகள் சர்வரிடமே கிடையாது. சர்வர் வாங்கும் கமிட்டியில் இவன் எழுந்து நின்று விளக்கினானே, நாம் கொடுக்கிற சொல்லை சர்வர் அரைத்துவிடும் சார், அரைத்த மாவைத்தான் வைத்துக்கொள்ளும், அதற்கு ஹாஷ் என்று பேர், மாவைப் பார்த்து அரிசியைத் திரும்பப் பொறுக்க முடியாது, ஆகவே எனக்கே யாருடைய பாஸ்வேர்டும் தெரியாது, நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். நிம்மதி என்ற சொல்லை அழுத்திச் சொன்னது இப்போது ஞாபகத்துக்கு வந்து காது சுட்டது. சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது, பொய் சொல்லவில்லை, சொல்லாமல் விட்டான், அவ்வளவுதான். பழைய சர்வரில் ஒரே சொல்லை யார் கொடுத்தாலும், எத்தனை முறை கொடுத்தாலும், அரைத்தால் அதே சரம்தான் வரும். சொல் என்ன என்று தெரியாது, ஆனால் இரண்டு பேர் ஒரே சொல்லை வைத்திருந்தால் தெரிந்துவிடும். புதியது அப்படியில்லை. நாளைக்குக் காலையில் ஒவ்வொருவரும் முதல்முறை உள்ளே வரும்போது அவர்கள் சொல்லோடு ஆளுக்கொரு சிட்டிகை உப்பைச் சேர்த்து மறுபடி அரைத்துக்கொள்ளும், அப்புறம் ஒரே சொல்லாக இருந்தாலும் சரம் வேறுவேறாகிவிடும். பழையதை இன்றைக்கே துடைத்து அழிக்கப் போகிறார்கள். இன்று சாயங்காலத்துக்குப் பிறகு அந்த இரண்டு வரிகளும் ஒன்றாக இருந்தன என்பதைச் சொல்ல உலகத்தில் இவன் ஒருவன்தான் இருப்பான்.

நல்ல எண்ணத்தில்தான் சரத்தின் எழுத்து வரிசையில் அடுக்கினான். சேருகிற ஒவ்வொருவருக்கும் அலுவலகத்தில் ஒரே தொடக்க பாஸ்வேர்டைக் கொடுப்பது வழக்கம், போனதும் மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்வதும் வழக்கம், அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளாததும் வழக்கம். அந்தச் சோம்பேறிகள் யார் யார் என்று பார்த்துக் குடிமாற்றும்போதே ஒரு குட்டு வைக்கலாம் என்று நினைத்தான். அடுக்கியதும் அவர்கள் பாட்டுக்குப் பெரிய கும்பலாக ஒரே சரத்தோடு ஓரிடத்தில் நின்றார்கள், இவனுக்குச் சிரிப்புக்கூட வந்தது, மேலாண்மைத் துறைத் தலைவரே அதில் இருந்தார். சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் கீழே இறக்கினான். எதற்கு இறக்கினான்? வேலை முடிந்துவிட்டது, கும்பலைக் கண்டுபிடித்தாயிற்று, கோப்பை மூடியிருக்கலாம். விரல் சக்கரத்தை உருட்டியது, கண் போனது, கோகிலவாணி என்ற பேரைப் பார்த்ததும் கூட்டத்தில் தெரிந்த முகத்தைப் பார்த்தமாதிரி நின்றது, நின்ற கண் அடுத்த வரிக்கு இறங்கியது. அது தொடக்க பாஸ்வேர்டு இல்லை. அந்தச் சரம் கல்லூரியில் வேறு யாருக்கும் இல்லை. இத்தனை பேரில் இரண்டே பேர். தற்செயலாக இருக்கலாமே என்று மனசு உடனே ஒரு வக்கீலை அனுப்பியது. இருக்கலாம். வேதியியல்காரர்கள் இரண்டு பேர் தனித்தனியாக பென்சீன் என்று வைத்திருக்கலாம். ஆனால் பெரிய எழுத்து ஒன்று வேண்டும், எண் வேண்டும், குறியீடு ஒன்று வேண்டும் என்று சட்டம் போட்டதே இவன்தான், ஆகவே இரண்டு பேரும் தனித்தனியாக அதே பென்சீன், அதே பெரிய எழுத்து, அதே எண், அதே குறியீடு. வக்கீல் கோப்பைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவளைப் பற்றி இப்படி நினைக்கக் கூடாது. நினைக்கவில்லை. பாஸ்வேர்டைப் பற்றித்தான் நினைக்கிறான், பாதுகாப்புப் பிரச்சினை, யாராக இருந்தாலும் நினைப்பான். ஆனால் இந்த வருஷம் முழுக்க அவள் தாமதமாக வந்தாள். மார்க் ஏத்தணுங்க, நீங்க போங்க, நான் காலேஜ் பஸ்ல வந்தர்றேன். மார்க் மார்க் என்றால் எவ்வளவு மார்க்? அவளுக்கு இருப்பது இரண்டு வகுப்பு. அதைக் கணக்குப் போட்டுப் பார்க்க இவனுக்கு இதுவரை தோன்றியதில்லை, இப்போது தோன்றியது, தோன்றியதுமே அது ரொம்ப நாளாக உள்ளே உட்கார்ந்து காத்திருந்தமாதிரி இருந்தது. தாமோதரன் நல்ல மனிதர். அவிநாசிப் பக்கம் தோட்டம், காய்கறியைப் பை பையாகக் கொண்டுவந்து ஸ்டாஃப் ரூமில் பிரித்துக் கொடுப்பார், எல்லோருக்கும்தான் கொடுப்பார். இவன் வீட்டு ஃபிரிட்ஜில் அந்தக் கத்தரிக்காய் கிடக்கும், இவன் சாப்பிட்டிருக்கிறான், ருசியாக இருக்கிறது என்று வேறு சொல்லியிருக்கிறான், முட்டாள். ஒருநாள் கேன்டீன் பக்கம் போகும்போது ஸ்டாஃப் ரூம் ஜன்னல் வழியாகப் பார்த்தான், அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அவள் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று குனிந்து அவருடைய கம்ப்யூட்டரில் ஏதோ காட்டிக்கொண்டிருந்தாள். அப்போது ஒன்றும் தோன்றவில்லை. இப்போது அந்த ஜன்னல் திரும்பத் திரும்ப வந்தது, ஒவ்வொரு முறையும் அவள் கொஞ்சம் கூடுதலாகக் குனிந்தாள். இவனே அவளைக் குனியவைக்கிறான் என்று தெரிந்தது, தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. கல்யாணமான புதிதில் அவள் புடவையில் லேப் வாசனை இருக்கும், அமிலமும் ஸ்பிரிட்டும் கலந்து, அதைத் துவைத்துவிட்டு உள்ளே வா என்று கிண்டல் செய்வான், அவள் வேண்டுமென்றே முந்தானையை இவன் முகத்தில் போடுவாள். அது எப்போது நின்றது? யாரும் நிறுத்தவில்லை, சண்டை ஒன்றும் இல்லை, நின்றுபோயிருந்தது.

செல்போன் மேஜையில் நடுங்கியதும் திருட்டுத்தனம் செய்துகொண்டிருந்தவன்மாதிரி கோப்பைக் கீழே இறக்கிவிட்டு எடுத்தான். சென்னையிலிருந்து ஷாகுல், புது சர்வர் கம்பெனியின் இன்ஜினியர், காலையிலிருந்து இந்த வேலையில் கூடவே இருப்பவர்.

"சார், எல்லாரும் ஏறிட்டாங்க சார். போன வாரம் மாதிரி சொதப்பல, நான் நாலஞ்சு டெஸ்ட் அக்கவுன்ட் போட்டுப் பார்த்துட்டேன், பக்காவா உள்ள போகுது. நீங்க ஓகேன்னா பழசை அழிச்சிடறேன்."

"இருங்க ஷாகுல். சரிபார்த்துட்டிருக்கேன்."

"எதாவது பிரச்சினையா சார்?"

"இல்ல. சும்மா. கொஞ்ச நேரத்துல சொல்றேன்."

சும்மா. போன வாரம் ஒத்திகை பார்த்தபோது புது சர்வர் இவர்கள் அனுப்பிய சரத்தையே பாஸ்வேர்டு என்று நினைத்துக்கொண்டு அதையும் போட்டு அரைத்துவிட்டது, அரைத்ததையே அரைத்த மாவு, ஒருவருக்கும் கதவு திறக்கவில்லை. அந்த இரவு இவனுக்குத் தூக்கம் இல்லை, திங்கட்கிழமை காலையில் கல்லூரி மொத்தமும் வாசலில் நிற்பதுபோலவும் பிரின்சிபால் மைக்கில் இவன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவதுபோலவும் தோன்றிக்கொண்டே இருந்தது. இன்றைக்குக் காலையில்கூட அதே பயத்தோடுதான் வந்தான். இப்போது வேலை பக்காவாக முடிந்துவிட்டது என்கிறார் ஷாகுல், அந்தப் பயம் இருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தால் அங்கே அது இல்லை, அந்தப் பயமாவது பரவாயில்லை, நாலு பேரிடம் சொல்லலாம். இதை யாரிடம் சொல்வது? என் மனைவியும் இன்னொருத்தரும் ஒரே சொல்லை வைத்திருக்கிறார்கள், என்ன சொல் என்று தெரியாது. கேட்கிறவன் சிரிப்பான். அல்லது சிரிக்கமாட்டான், அதுதான் இன்னும் மோசம். வீட்டுக்குப் போய் அவளிடமே கேட்டுவிடலாம். எப்படித் தெரிந்தது என்பாள். பார்த்தேன் என்றால் எதற்குப் பார்த்தீர்கள் என்பாள். எதற்குப் பார்த்தான்? அந்தக் கேள்வி வரைக்கும் போன யோசனை அங்கே முட்டிக்கொண்டு, சுற்றிக்கொண்டு, மறுபடி மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் வந்து நின்றது.

இந்தமாதிரிப் பழைய சரங்களைக் கொடுத்தால் சொல்லைத் திருப்பித் தருகிற இணையதளங்கள் இருக்கின்றன. உலகத்தில் ஜனங்கள் வைக்கக்கூடிய சொற்களையெல்லாம் முன்கூட்டியே அரைத்து அடுக்கிவைத்திருப்பார்கள், இவன் கொடுப்பதைத் தேடி எடுத்துத் தருவார்கள், கண்மூடித் திறக்கிற நேரம். மாவிலிருந்து அரிசி வராது என்று கமிட்டியில் சொன்னவன் இதையும் சொல்லாமல்தான் விட்டான். தளத்தைத் திறந்தான். சரத்தைப் பிரதி எடுத்துக் கட்டத்தில் ஒட்டினான். பொத்தான் பச்சை நிறத்தில் இருந்தது. கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். இது செய்யக் கூடாத காரியம், இதைச் செய்த ஒரு லேப் உதவியாளரை இவனே பிரின்சிபால் முன்னால் நிறுத்தி வேலையை விட்டு அனுப்பியிருக்கிறான், அந்த ஆளின் முகம் நினைவிருக்கிறது. சரத்தை அழித்தான், தளத்தை மூடினான், ஒரு நிமிஷம் தன்மேலேயே மரியாதை வந்தது. பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தான், பல் கூசியது. அந்த மரியாதை தண்ணீர் உள்ளே இறங்கும்வரை நீடித்தது. பிறகு அவனுக்குள் அவசர அவசரமாக ஒரு புதுச் சட்டம் இயற்றப்பட்டது. அடுத்தவன் பூட்டை உடைத்தால்தான் குற்றம், தன் சட்டைப்பையில் இருக்கிற சாவிகளைப் போட்டுப் பார்ப்பது குற்றமில்லை. தனக்குத் தெரிந்த சொற்களை, தன் மனைவியைப் பற்றித் தனக்கே தெரிந்த சொற்களை, தானே அரைத்துப் பார்த்தால் அதில் என்ன தப்பு? சொல்லைக் கொடுத்தால் அதே முறையில் அரைத்துத் தருகிற கறுப்புத் திரை ஒன்றைத் திறந்தான். முதலில் வீட்டு வைஃபை பாஸ்வேர்டு. வந்த சரம் வேறு.

மகள் பேர் ஆதிரை, சேலத்தில் ஹாஸ்டலில் இருக்கிறாள், அவள் பேரோடு பிறந்த வருஷம், பிறகு பிறந்த தேதி, பிறகு செல்லப் பேர். இல்லை. இல்லை என்றதும் அப்பாடா என்று இருந்தது, மகள் பேரை அவள் அந்த மனிதரோடு பங்குபோட்டுக்கொள்ளவில்லை. அடுத்து அந்தியூர், அவள் ஊர். அவள் அப்பா ஓட்டிய பஸ்ஸின் பேர், அந்தப் பஸ் பேரைச் சொல்லும்போது அவள் முகம் இன்றைக்கும் சின்னப் பிள்ளை முகமாகிவிடும். இல்லை. குலதெய்வம். இல்லை. அவள் முதலில் வாங்கிய ஸ்கூட்டர், அதற்கு ஒரு பேர் வைத்திருந்தாள், என்ன பேர்? விரல்கள் விசைப்பலகைமேல் நின்றன. சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறாள், அந்தப் பேர் இவனுக்கு வரவில்லை. சின்ன வயதில் ஒரு நாய் வளர்த்தாளே, அது செத்தபோது இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை என்றாளே, டைகரா, ஜிம்மியா? டைகர். இல்லை. ஜிம்மி. இல்லை. இல்லை என்றால் நாய் பேர் வேறா, நாய் பேர் சரியாக இருந்து பின்னால் வருகிற எண் தப்பா? அங்கேதான் சனியன். பின்னால் ஒரு குறியீடு, ஒரு எண், அது எதுவாகவும் இருக்கலாம், சரியான சொல்லை எப்போதோ அடித்துவிட்டு வால் சரியில்லாததால் தாண்டிப் போயிருக்கலாம், இவன் போட்ட சட்டம் இவன் காலையே சுற்றிக்கொண்டு கிடந்தது. அவளுக்குப் பிடித்த பூ எது? மல்லிகை என்று அடித்தான், யாருக்குத்தான் மல்லிகை பிடிக்காது, அது பதில் இல்லை என்று அடிக்கும்போதே தெரிந்தது. பிடித்த நிறம். பிடித்த ஊர். தேனிலவுக்குப் போன வால்பாறை, அங்கே அட்டை கடித்து இவன் காலில் ரத்தம் வந்தபோது அவள்தான் உப்பு வைத்து எடுத்துவிட்டாள், இவன் மயக்கம் போடாத குறை. இருபது வருஷம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு ஒரு மனுஷியைப் பற்றிக் கையிருப்பில் இவ்வளவுதானா? ஒரு பக்கம்கூட நிரம்பாது போலிருந்தது. தன் பேரை அடித்துப் பார்க்க வெட்கமாக இருந்தது, அடித்தான், சதானந்தம், பெரிய எழுத்தில், சின்ன எழுத்தில், முன்னால் இனிஷியலோடு. இல்லை. இல்லாமல் போனது உறுத்தியது, இருந்திருந்தால் மட்டும், தன் பேரை அவள் தாமோதரனுக்குக் கொடுத்திருந்தால் மட்டும், சந்தோஷப்பட்டிருப்பானா?

மிச்சம் இருந்தது ஒன்றுதான், அதைச் சுற்றியே வந்துகொண்டிருந்தான் என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை. டி, ஏ, ஒவ்வொரு எழுத்தாக, ஆங்கிலத்தில், தாமோதரன். அது வந்துவிட்டால் என்ன செய்வான்? எழுந்து வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவான், கதவைத் திறப்பாள், அப்புறம்? கதவு திறப்பதுவரைதான் தெரிந்தது. அதற்கு அப்புறம் அறையில் சர்வரின் இரைச்சல் மட்டும் இருந்தது. அடித்தான். சரம் வந்தது. ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டான், முதல் எழுத்திலேயே வேறு என்று தெரிந்தும் கடைசிவரை ஒப்பிட்டான். வேறு. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான், உடம்பெல்லாம் லேசாகி, இன்றைக்கு வீட்டில் கறிக்குழம்பு என்பதுகூட நினைவுக்கு வந்தது, பசித்தது. கண்ணைத் திறந்ததும் வால் ஞாபகம் வந்தது. பேருக்குப் பின்னால் ஒன்று, இரண்டு, மூன்று. பேருக்குப் பின்னால் அவர் பிறந்த வருஷம், அது பணியாளர் பதிவில் இருக்கிறது, இவனால் பார்க்க முடியும், பார்த்தான். தப்பு என்றே இப்போது தோன்றவில்லை, கை பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஷாகுலிடமிருந்து மெசேஜ் வந்தது, சார் ஆச்சா, நாலு மணிக்கு நான் கிளம்பணும் சார். ஆச்சு, பத்து நிமிஷம், என்று பதில் போட்டான். மூடிவிடலாம். அழியுங்கள் என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும், இரண்டு வரியும் போய்விடும், திங்கட்கிழமை ஆளுக்கொரு உப்பு, தேட ஒன்றும் இருக்காது. தேட ஒன்றும் இல்லாமல் மீதி நாளெல்லாம் அவள் எதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அவள் மார்க் ஏத்தணுங்க என்று சொல்லும்போது சரி என்று சொல்ல வேண்டும். அதை நினைத்ததும் அடுத்த எண்ணை அடித்தான்.

செல்போன் மறுபடி நடுங்கியது. ஷாகுல் இல்லை. கோகிலவாணி. திரையில் அவள் பேரும் கம்ப்யூட்டரில் அவள் பேருமாக இரண்டு இடத்தில் இருந்தாள். இரண்டு கையும் வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தான்.

"ஏனுங்க, இன்னும் முடியலீங்களா? கறி ஆறிப்போச்சு."

"முடிஞ்சமாதிரிதான்."

"குரல் ஏன் ஒருமாதிரி இருக்குது? ஏசியிலயே உக்காந்து சளி புடிச்சுக்காதீங்க."

அவள் குரலில் ஒன்றும் இல்லை, எந்த ஞாயிற்றுக்கிழமையும் இருக்கிற குரல். அந்தக் குரலைக் கேட்டதும் எல்லாம் பைத்தியக்காரத்தனம் என்று தோன்றியது, கோப்பை மூடப் போனான், அந்த எண்ணத்தின் வாலைப் பிடித்துக்கொண்டே இவ்வளவு சாதாரணமாக எப்படிப் பேச முடிகிறது என்ற இன்னொன்றும் வந்தது, வாய் முந்திக்கொண்டது.

"கோகிலா, உன்ற பாஸ்வேர்டும் தாமோதரன் சார் பாஸ்வேர்டும் ஒண்ணா?"

அலுவலக விஷயமாகக் கேட்பதுபோலத்தான் கேட்டான். அந்தப் பக்கம் மிக்ஸியோ டிவியோ ஏதோ ஓடிக்கொண்டிருந்தது நின்றது.

"அது எப்படி உங்களுக்குத் தெரியும்?"

"மாத்தும்போது தெரிஞ்சுது. என்ன சொல்லுன்னு தெரியாது. ஒண்ணுன்னு மட்டும் தெரியும்."

"ஒண்ணுன்னு மட்டும்." அவள் அதைத் திருப்பிச் சொன்னாள். "எப்பத் தெரிஞ்சுது?"

"மத்தியானம்."

"மத்தியானத்துல இருந்து அதைப் பாத்துட்டா உக்காந்திருக்கீங்க?"

அவளுக்குப் புரிந்துவிட்டது என்பது தெரிந்தது, இவன் சொல்லாத எல்லாமே, அந்த ஜன்னல் உட்பட, அவளுக்குப் புரிந்துவிட்டது. கோபப்படுவாள் என்று தோளைக் குறுக்கிக்கொண்டான். அவள் கோபப்படவில்லை, மெதுவாக, வகுப்பில் பின் பெஞ்சுப் பையனுக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"அவருக்குக் கை நடுங்குதுங்க. ஒரு வருஷமா. நரம்பு டாக்டர்கிட்டப் போறாரு, மாத்திரை சாப்பிடறாரு. போர்டுல எழுதறதை எப்படியோ சமாளிக்கறாரு, மவுஸைப் புடிச்சு ஒரு கட்டத்துல மார்க் போட முடியறதில்ல, ஒருத்தன் மார்க்கு இன்னொருத்தனுக்குப் போயிருது. மேனேஜ்மென்ட்டுக்குத் தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிருவாங்க. பொண்ணு இன்னும் படிச்சுட்டிருக்குது. நான்தான் அவரோட மார்க்கையும் ஏத்தறேன். ரெண்டுக்கும் ஒரே பாஸ்வேர்டா வெச்சா எனக்கு மறக்காதுன்னு நானே மாத்தி வெச்சேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா? அடுத்தவங்க பாஸ்வேர்டுல போறது தப்பு, ரூல் அப்படி, இப்படிம்பீங்க. நீங்க தெரிஞ்சுட்டு மறைக்கறதுக்கு, தெரியாமயே இருக்கட்டும்னு இருந்தேன். உங்களுக்கும் சேத்துத்தான்."

அறையில் குளிர் கொஞ்சம் குறைந்தமாதிரி இருந்தது. அந்த ஜன்னலுக்குள் குனிந்து நின்றவள் நிமிர்ந்தாள், நாற்காலியில் இருந்தவரின் கை இப்போது மடியில் கிடந்து நடுங்கிக்கொண்டிருந்தது, பாவம், எவ்வளவு நல்ல மனிதர், அந்தக் கத்தரிக்காய் நிஜமாகவே ருசிதான். வெட்கம் வந்தது, வெட்கத்தோடு ஒரு சந்தோஷமும் வந்தது, இரண்டும் சேர்ந்து கண்ணைக் கரித்தன.

"நம்பறீங்களா?" என்றாள்.

"நம்பறேன், நம்பறேன். என்ன கேள்வி இது."

"சரி." பிறகு, "வெண்டக்காய்," என்றாள்.

"என்ன?"

"பாஸ்வேர்டு. அன்னிக்கு அவரு கொண்டாந்த வெண்டக்காய் டேபிள் மேல கெடந்துச்சு, அதையே வெச்சேன். இங்கிலீஷ்ல. மொதல் எழுத்து பெருசு, ரெண்டு கே வரும். பின்னால ஒரு அட் குறி, அப்பறம் ஏழு, ஏழு."

"இதை எதுக்கு எங்கிட்ட," என்று ஆரம்பித்தான். வேண்டாம், சொல்லாதே, தேவையில்லை என்று முடித்திருக்கலாம். வெண்டைக்காய். இத்தனை நேரம் ஊரும் நாயும் மகளுமாகத் தேடியதற்கு வெண்டைக்காய், சிரிப்பு வருமளவுக்கு நிஜமாகத்தான் இருக்கும், இவ்வளவு அற்பமான ஒன்றை யார் கற்பனை செய்து சொல்ல முடியும், ஆனால் கெட்டிக்காரி, கெட்டிக்காரியாக இருந்தால் இப்படித்தானே சொல்வாள், சே, அப்படியில்லை, நம்புகிறான், நம்பிவிட்டான், வெறுமே மேஜைமேல் கிடக்கிற ஒன்றை எடுத்து ஓரமாக வைப்பதுபோல, முடித்துவிட்டால் பிறகு வாழ்நாளில் இதைப் பற்றி நினைக்கவே வேண்டாம், அவளுக்காகவும்தான், ஒரே ஒரு தடவை. ஷாகுல் அழிப்பதற்குள். முதல் எழுத்துப் பெரியது. இரண்டு கே. ஏழு. ஏழு. சரம் வந்தது. மேல் வரி, கீழ் வரி, இது, மூன்றும் ஒன்று. ஒரு எழுத்துப் பிசகில்லை. கண்ணை மூடி, இழுத்துப் பிடித்திருந்த மூச்சை விட்டான்.

"ஒத்துப்போச்சுங்களா?" என்றாள் கோகிலவாணி.

மேஜைமேல் கிடந்த செல்போனைத் திரும்பிப் பார்த்தான். இணைப்பு ஓடிக்கொண்டிருந்தது, நொடிகள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன.

"கோகிலா, நான் சும்மா..."

"நம்பறேன்னு சொன்னீங்க," என்றாள். குரலில் கோபம் இல்லை, அழுகை இல்லை, மார்க்கைப் படித்துச் சொல்கிற குரல். "சொல்லி முடிச்சதுக்கப்பறம் நான் பாஸ்வேர்டைச் சொன்னேன். அதுக்கப்பறம் டைப் அடிக்கற சத்தம் கேட்டுச்சு."

அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் அவள் வைத்துவிட்டாள்.